லினக்ஸ் போனில் ஜிபே வருமா?

வையம்பட்டி கடைவீதியில் போன் பழுதுபார்ப்பவரிடம் லினக்ஸ் ஏற்றிய கைபேசியை நீட்டினால், "இதுல ஜிபே வருமாண்ணே?" என்றுதான் முதலில் கேட்பார். அடுத்த கேள்வி வாட்ஸ்அப் பற்றியது. இரண்டும் வராது என்றால், "அப்ப எதுக்கு இது?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அதில் கிண்டல் இல்லை. இந்தப் போனை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு நாளைக் கடத்த முடியுமா என்பது அவருடைய கவலை. தனியுரிமை, கட்டற்ற மென்பொருள், கண்காணிப்பு என்று லினக்ஸ் அன்பர்கள் வழக்கமாக ஆரம்பிக்கும் பேச்சு அந்தக் கவலையைத் தொடுவதே இல்லை. அவர் கேட்ட கேள்விக்கே இங்கே பதில் தேடலாம்.

ஆண்ட்ராய்டுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான். அதற்கு மேலே இருப்பதில் பெரும்பகுதி கூகுளுடையதும் போன் செய்த நிறுவனத்தினுடையதும். நான் சொல்வது மேஜைக் கணினியில் ஓடும் லினக்ஸ் அப்படியே சட்டைப்பைக்கு வருவதைப் பற்றி. உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், மோபியன் என்று இதில் பல வகை உண்டு. இதற்கென்றே பிறந்த போன்களும் உண்டு. பைன்64 நிறுவனம் 149 டாலருக்கு விற்ற பைன்போன் 2020இல் கைக்கு வந்தது. பியூரிசம் நிறுவனம் 2017இல் ஆர்வலர்களிடம் முன்பணம் திரட்டிச் செய்தது லிப்ரம் 5. நம் ஊர்க் கடைகளில் இரண்டையும் பார்க்க முடியாது. இங்கே லினக்ஸ் போன் என்றால் பெரும்பாலும் யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற போக்கோ எஃப்1 அல்லது ஒன்பிளஸ் 6. இரண்டும் 2018இல் வந்தவை. ஸ்னாப்டிராகன் 845 சில்லு கொண்டவை. போக்கோ எஃப்1க்கு ஆண்ட்ராய்டு 10உடன் புதிய பதிப்புகள் நின்றுபோயின. ஆனால் அந்த வன்பொருள் இன்னும் திடமாக இருக்கிறது. என்னிடம் இருப்பதும் அப்படியொரு பழைய போன்தான்.

முதலில், போன் என்ற பெயருக்குரிய வேலை. அதாவது பேசுவது. இந்தியாவில் இதுவே ஒரு கண்டம். இப்போது பேச்சு 4ஜி வழியாக, வோல்டி என்ற முறையில் போகிறது. அதைக் கையாளும் மென்பொருளைச் சில்லு நிறுவனங்கள் பூட்டியே வைத்திருப்பதால், பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்றிய லினக்ஸில் வோல்டி இன்னும் நிலைபெறவில்லை. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்மாக இருந்தால் அழைப்பு 2ஜிக்கு இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். பேசி முடிக்கும்வரை இணையம் நின்றுவிடும், அவ்வளவுதான். ஜியோவில் 2ஜியோ 3ஜியோ கிடையாது. எனவே ஜியோ சிம் போட்ட அப்படிப்பட்ட போன் இணையம் பார்க்கும், பேசாது. பைன்போனில் வோல்டிக்கு வழி உண்டு. அதன் மோடத்துக்குள் தனியாக இன்னொரு லினக்ஸ் ஓடுகிறது; அதையும் பிரித்துப்போட்டு மாற்று ஃபர்ம்வேர் எழுதிய ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த மோடத்தின் அடியாழத்தில், கோபுரத்தோடு பேசும் பகுதி இன்றைக்கும் மூடிய பெட்டிதான். முழுக்கத் திறந்த போன் என்று இன்று சந்தையில் எதுவும் இல்லை. விற்பவர்கள் இதைச் சின்ன எழுத்தில்தான் சொல்வார்கள்.

கேமரா பல போன்களில் வேலையே செய்யாது. செய்தாலும் படம் மங்கல். பேட்டரியை நம்பி சார்ஜர் இல்லாமல் திருச்சி வரை போய்வரத் துணிய வேண்டாம். போன் தூங்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால், அது விழித்துத் திரையைக் காட்டுவதற்குள் எதிர்முனையில் இருப்பவர் பொறுமை இழந்துவிடுவார். இதையெல்லாம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இவை பொறியியல் குறைகள். சம்பளம் வாங்காத சிலர் ராத்திரி விழித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது.

கிடைப்பது என்ன என்றும் சொல்லவேண்டும். விளம்பரம் இல்லை. நான் கேட்காத செயலி எதுவும் உள்ளே நுழைவதில்லை. நிறுவனம் மறந்துவிட்ட போனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. போனுக்குப் பத்தாண்டு ஆயுள் தரவேண்டும் என்ற நோக்கத்தோடுதான் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் 2017இல் ஆரம்பித்தது. பைன்போனின் முதுகு மூடியைத் திறந்தால் மோடம், வைஃபை, மைக், கேமரா ஆகியவற்றை நிஜமாகவே துண்டிக்கும் குட்டிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். மைக் அணைந்துவிட்டது என்று மென்பொருள் சொல்வதை நம்பவேண்டிய அவசியம் இல்லை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது விசைப்பலகை. ஃபோஷ் என்ற திரைச் சூழலில் வரும் விசைப்பலகையின் எழுத்து வரிசை, சாதாரண உரைக்கோப்பு ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்99 வேண்டுமா? உயிர் இங்கே, மெய் அங்கே என்று நாமே எழுதி உரிய கோப்புறையில் போட்டுவிடலாம். யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டாம். தமிழுக்குச் சந்தை இருக்கிறதா என்று கலிபோர்னியாவில் எவரும் கணக்குப் பார்க்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இதுவரை சொன்ன லாப நட்டத்தை எடைபோட்டு, வேண்டும் வேண்டாம் என்று ஒருவர் முடிவுசெய்துகொள்ளலாம். சிக்கல் ஆரம்பிப்பது இதற்கு அப்புறம்தான். ஜிபே வராததற்குக் காரணம் லினக்ஸின் குறை இல்லை.

ஜிபே போன்ற யுபிஐ செயலி முதலில் உங்கள் சிம்மிலிருந்து தானாகவே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, இந்த எண் இந்தக் கருவியில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளும். பிறகு, கருவி கூகுள் சான்றளித்ததா, மாற்றம் ஏதும் செய்யப்பட்டிருக்கிறதா என்று பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை நடக்கும். லினக்ஸ் போனில் வேய்டிராய்டு என்ற ஏற்பாட்டின் மூலம் ஆண்ட்ராய்டு செயலிகளை ஒரு கூண்டுக்குள் ஓட்டலாம். செய்தித்தாள், வரைபடம், பாட்டு எல்லாம் ஓடும். ஆனால் கூண்டுக்குள் இருக்கும் செயலிக்கு சிம் தெரியாது. கூகுளின் சான்றும் கிடைக்காது. வங்கிச் செயலி திறந்ததும் "உங்கள் கருவி பாதுகாப்பற்றது" என்று சொல்லி மூடிக்கொள்ளும்.

இந்தச் சோதனையில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக ஒரு பாதுகாப்புத் திருத்தமும் பெறாத பழைய ஆண்ட்ராய்டு போன் பல செயலிகளில் தேறிவிடுகிறது. நேற்றுத் திருத்தம் பெற்ற லினக்ஸ் போன் தோற்றுவிடுகிறது. ரேஷன் கடையில் குடும்ப அட்டையைப் பார்க்காமல், சட்டை எந்தக் கடையில் தைத்தது என்று விசாரிப்பதைப் போல இருக்கிறது இது.

வங்கிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொட்டுப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. லினக்ஸ் போன்களும் பாதுகாப்பில் உத்தமர்கள் இல்லை. ஒரு செயலி இன்னொரு செயலியின் வீட்டுக்குள் எட்டிப்பார்க்காமல் தடுக்கும் சுவர்களில் ஆண்ட்ராய்டு இவற்றைவிடப் பல படி மேலே. போன் தொடங்கும்போதே மென்பொருள் திருத்தப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் ஏற்பாடும் அங்கே வலுவாக இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் வாதாடும் லினக்ஸ் அன்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணப் பத்திரிகைக் கோப்பு ஏமாற்றியதெல்லாம் கூகுள் சான்று பெற்ற போன்களைத்தான். அந்தச் சான்று ஏமாந்தவரைக் காப்பாற்றவில்லை. அது கச்சிதமாகச் செய்த வேலை, எண்ணிக்கையில் சிறுபான்மையான லினக்ஸ்காரனை வாசலில் நிறுத்தியதுதான்.

2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. டீக்கடையில் பத்து ரூபாய்க்கும் க்யூஆர் அட்டையை நீட்டும் காலம். வாங்குகிற டீக்கடைக்காரருக்குப் போன்கூட வேண்டாம். தனி சிம் போட்ட சவுண்ட்பாக்ஸ் தொகையைத் தமிழிலேயே அறிவித்துவிடும். ஜிபே போன்ற செயலியில் கொடுக்கிறவரிடம் மட்டும் இரண்டு அமெரிக்க நிறுவனங்களில் ஒன்று சான்றளித்த கருவி இருந்தாக வேண்டும். இந்தியாவே கட்டியது, உலகுக்கு முன்மாதிரி என்று நாம் பெருமைப்படும் சாலைக்கு நுழைவுச் சீட்டு கிழிப்பது யார் என்று பார்த்தால் இதுதான் நிலை.

லினக்ஸ் கருவி நம் நாட்டுக்குப் புதிது என்றும் சொல்லிவிட முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர், லினக்ஸில் இயங்கிய கையடக்கக் கணினி. அதன் முன்மாதிரி 2001இல் வெளிவந்தது. ஐபோனுக்கு ஆறு ஆண்டு முந்தையது. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி இருந்தால் போதும், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு வைத்துக்கொண்டு முறைவைத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் அடிப்படை யோசனை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் வசதியையும் சேர்த்தார்கள். 2004இல் அமிடா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. விலை பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கியது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கருவியில் என்ன செய்யலாம் என்பதைப் பேராசிரியர்கள் யோசித்த அளவுக்கு, அந்தக் கருவியோடு பேச எந்த அரசு அலுவலகம் தயாராக இருந்தது என்று வேறு யாரும் யோசிக்கவில்லை.

2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் 1,999 ரூபாய்க்கு ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் போன் விற்றது. 2016 ஜூலையில் அதே இன்டெக்ஸ், நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் எழுதிய செயில்ஃபிஷ் ஏற்றிய அக்வா ஃபிஷ் போனை 5,499 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இரண்டும் வந்த சுவடு தெரியாமல் போயின.

போகாதது ஒன்று உண்டு: ஜியோபோன். 2017இல் 1,500 ரூபாய் முன்வைப்புத் தொகைக்கு வந்த அந்தப் பட்டன் போனில் இருந்த கைஓஎஸ், ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் வழிவந்தது. உள்ளே லினக்ஸ் கர்னல். நம் ஊர்ப் பாட்டிகள் லினக்ஸ் போனில்தான் சினிமா பார்த்தார்கள் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். கோடிக்கணக்கில் விற்றதும் 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் தேடி வந்து அதற்கென்றே செயலி எழுதிக் கொடுத்தது. எண்ணிக்கை கரைந்ததும் 2025இல் விலகிக்கொண்டது. தொழில்நுட்பத் தடை என்று எதுவும் இல்லை, தலைகளை எண்ணித்தான் கதவு திறக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னொன்றும் இதிலிருந்து தெரியும். ஜியோபோனில் லினக்ஸ் இருந்தது. ஆனால் வாங்கியவர் அதில் தன் இஷ்டப்படி எதையும் மாற்ற முடியாது. உள்ளே என்ன கர்னல் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்துச் சுதந்திரத்தை அளந்துவிட முடியாது.

சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. ஐஐடி மெட்ராஸ் வளர்த்தெடுத்த ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 சனவரியில் பார்ஓஎஸ் இயங்குதளத்தை அறிமுகம் செய்தது. அதே மாதம் 24ஆம் தேதி ஒன்றிய அமைச்சர்கள் அஷ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதைச் சோதித்துப் பார்த்ததை எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. முன்கூட்டியே திணித்த செயலிகள் கிடையாது என்ற அதன் கொள்கை நல்லது. அடித்தளம் கூகுள் திறந்து வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு நிரல்தான் என்பதும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கட்டற்ற மென்பொருளே ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பதுதானே. என் குறை வேறு. அமைச்சர்கள் அன்று அந்தப் போனைத் தட்டிப் பார்த்த கையோடு, "அரசுச் செயலிகளும் வங்கிச் செயலிகளும் இதில் ஓடும்படி செய்யுங்கள்" என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் அது வரலாறாகியிருக்கும்.

சுற்றறிக்கைகள் வந்தன, வேறு திசையில். 2025 நவம்பர் 28ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை இரண்டு உத்தரவுகளைப் போட்டது. ஒன்று, விற்கும் ஒவ்வொரு புதிய போனிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலி முன்கூட்டியே இருக்கவேண்டும். கூச்சல் எழுந்ததும் டிசம்பர் 3ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றார்கள். மற்றது அவ்வளவு கவனம் பெறவில்லை. வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் போன்றவை எப்போதும் சிம்மோடு பிணைந்தே இயங்கவேண்டும். கணினியில் திறக்கும் இணைய வடிவம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேறிவிடவேண்டும் என்றது அது. லினக்ஸ் போன்காரர்கள் வாட்ஸ்அப்புக்கு நம்பியிருப்பதே அந்த இணைய வடிவத்தைத்தான். மோசடியைத் தடுப்பது நோக்கம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் உத்தரவை எழுதியவர் மனதில் இருந்தது ஒரே வகைப் போன். அதற்கு வெளியே ஒருவர் வாழக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

கூகுளும் சும்மா இல்லை. தன் கடைக்கு வெளியே கிடைக்கும் செயலிகளை எழுதுபவர்களும் தன்னிடம் அடையாளத்தைப் பதிவுசெய்தாக வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தது. முதலில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. பிறகு மற்ற நாடுகள். எதிர்ப்புக்குப் பின், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு தனிவழி விடுவதாகச் சொல்லியிருக்கிறது. ஆண்ட்ராய்டு சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் அதற்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த அபராதத்தைத் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உறுதிசெய்தது. ஒரு கையால் அபராதம் போடும் அதே நாடு, மறு கையால் தன் குடிமகனின் பணப்பையைக் கூகுளின் சான்றிதழோடு கட்டிவைத்திருக்கிறது.

வையம்பட்டியில் இது எங்கெல்லாம் இடிக்கிறது என்று பார்த்தால், லினக்ஸ்காரர்களைத் தாண்டிப் போகிறது கதை. நூறு நாள் வேலைக்கு 2023 சனவரி முதல் என்எம்எம்எஸ் செயலியில் வருகைப் பதிவு கட்டாயமானது. காலையும் பிற்பகலும் இடக்குறியோடு படம் எடுத்து ஏற்றவேண்டும். குளத்துக் கரையில் நிற்கும் பணித்தளப் பொறுப்பாளர் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால்தான் வேலை செய்த அத்தனை பேருக்கும் கூலி. அவர் கையில் பட்டன் போன் இருந்தாலும் நிலைமை என் லினக்ஸ் போனின் நிலைமைதான். ரயில் நிலையத்தில் முன்பதிவில்லாப் பயணச்சீட்டைக் கையோடு எடுக்க ரயில்வே தரும் வழியும் செயலிதான். கவுன்டர் திறந்திருக்கும்வரை கவலை இல்லை.

இதற்கு நேர்மாறாக, இதே ஊரில் பட்டா, சிட்டா பார்க்கத் தமிழக அரசின் இணையதளத்தைத் திறந்தால் என் போன் என்ன ஜாதி என்று அது கேட்பதில்லை. வில்லங்கச் சான்றும் அப்படியே. உலாவி இருந்தால் போதும். டிஜிலாக்கருக்கும் இணைய வடிவம் உண்டு. இணைய வங்கிச் சேவை, ஓடிபி இரண்டும் லினக்ஸ் போனில் ஓடுகின்றன. ஓடிபிக்கு மாற்றாக வேறு உறுதிப்பாட்டு வழிகளை வளர்க்கச் சொல்லும் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1இலிருந்து நடைமுறை என்று அறிவிக்கப்பட்டவை. அந்த மாற்று வழிகளை வங்கிகள் தங்கள் செயலிக்குள்ளேயே வைத்து அடைத்துவிட்டால், இருக்கும் ஒற்றையடிப் பாதையும் போய்விடும்.

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆரோக்கிய சேது செயலி 2020 ஏப்ரலில் வந்தது. பட்டன் போன்காரர்கள் விடுபட்டுப் போனார்கள் என்று பேச்சு எழுந்ததும், அடுத்த மாதமே 1921 என்ற எண்ணில் குரல்வழிச் சேவையும் ஜியோபோனுக்குத் தனி வடிவமும் வந்தன. மே 26ஆம் தேதி அதன் ஆண்ட்ராய்டு மூல நிரலையே பொதுவில் வைத்தார்கள். இரண்டே மாதத்தில் நடந்தது அத்தனையும். பணத்துக்கும் *99# என்ற வழி 2014 முதல் நாடு முழுக்க இருக்கிறது, தமிழிலும் பேசும், இணையம் வேண்டாம், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். லினக்ஸ் போனின் அழைப்புச் செயலியிலேயே இந்த எண்ணைத் தட்டலாம். பட்டியல் பட்டியலாக எண்ணை அழுத்திப் போகும் அந்தப் பழைய முறையோடு டீக்கடை வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவர் முறைப்பார் என்பது வேறு. குரல்வழி யுபிஐ 123பே 2022 மார்ச்சில் வந்தது. ஆக, கருவியைச் சோதிக்காமல் ஆளை மட்டும் சோதித்துப் பணம் அனுப்ப நம் அமைப்புக்கு ஏற்கெனவே தெரியும். தொகைக்கு ஒரு வரம்பு வைத்து இடர்ப்பாட்டைச் சமாளிக்கவும் தெரியும். அதே வரம்போடு உலாவியில் ஓடும் ஒரு பீம் கட்டணச் சேவையைத் தருவதற்கு யுபிஐயை நடத்தும் என்பிசிஐக்கு எது தடை?

பழுதுபார்க்கும் கடைக்காரருக்கு என் பதில் இப்போதைக்கு இதுதான். ஒரே போன்தான் வாங்க முடியும் என்பவருக்கு லினக்ஸ் போனை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மகனின் கல்லூரிக் கட்டணமும் சிலிண்டர் முன்பதிவும் சிக்கலாகிவிடும். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் சும்மா கிடக்கும் போக்கோவைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். பாடப்புத்தகம் காட்டாத பலதை அது காட்டும். என்னைப் போன்றவர்கள் இரண்டு போன் சுமக்கிறோம். எழுத்தும் வாசிப்பும் பேச்சும் ஒன்றில். வங்கியும் வாட்ஸ்அப்பும் இன்னொன்றில். அந்த இரண்டாவது போன் நான் விரும்பி வாங்கியதல்ல. அரசும் வங்கியும் சேர்ந்து என்மேல் போட்ட வரி அது. அதற்கு ரசீதும் கிடையாது.